தாமிரச் சுரங்கத்துக்குப் பொதுப்பணம்: கடன் தீர்ந்த பிறகு யாரிடம் முறையிடுவது?

2005ஆம் ஆண்டில் ஐரோப்பிய முதலீட்டு வங்கி, சாம்பியா நாட்டின் மோப்பானி தாமிரச் சுரங்க நிறுவனத்துக்கு 4.8 கோடி யூரோ கடன் வழங்கியது. முஃபுலிரா நகரில் இருந்த பழைய உருக்காலையைப் புதுப்பிப்பதும், அதிலிருந்து வெளியேறிய கந்தக டை ஆக்சைடைக் குறைப்பதும் கடனுக்குச் சொல்லப்பட்ட காரணங்கள். உருக்காலையை ஒட்டியே கன்கோயோ என்ற குடியிருப்பு இருக்கிறது. காற்று அந்தப் பக்கம் திரும்பும் நாட்களில் அங்குள்ளவர்களுக்குத் தொண்டை எரியும், மூச்சுத் திணறும். தகரக் கூரைகள் அரித்துப் போகும். வீட்டைச் சுற்றிச் செடி நட்டால் பிடிக்காது. புதிய அமில ஆலை கட்டி முடிக்கப்பட்டு, வாயுவின் பெரும்பகுதியைப் பிடிக்க முடிந்தது 2014இல்தான். அதற்கு முன்பே வங்கியின் கடன் அடைக்கப்பட்டுவிட்டது. இடையில், 2011இல், அந்தச் சுரங்கத்தின் வரிக் கணக்குகளைப் பற்றிக் கடுமையான கேள்விகளை எழுப்பிய ஒரு தணிக்கை அறிக்கை கசிந்தது. பெரும்பங்கு உரிமையாளரான கிளென்கோர் அதன் முடிவுகளை மறுத்தது. வங்கியின் அப்போதைய தலைவர் ஃபிலிப் மைஸ்டாட், கிளென்கோருக்கும் அதன் துணை நிறுவனங்களுக்கும் புதிய கடன் கொடுப்பதில்லை என்று அறிவித்தார். வங்கி தானே ஒரு விசாரணையும் நடத்தியது. ஆனால் அந்த விசாரணை அறிக்கையைப் பொதுமக்கள் முன் வைக்க மறுத்துவிட்டது.

இந்த நிகழ்வுகளின் கால வரிசைதான் என்னை மிகவும் தொந்தரவு செய்கிறது. பொதுப்பணம் வந்தது, தீங்கு தொடர்ந்தது, கடன் தீர்ந்தது, கடன் கொடுத்தவர் விலகினார், மக்கள் அதே இடத்தில் இருந்தார்கள். தாமிரச் சுரங்கங்களுக்கு வளர்ச்சி வங்கிகள் கொடுக்கும் கடன்களைப் பற்றி எங்கே படித்தாலும் ஏதோ ஒரு வடிவத்தில் இதே வரிசையைக் காண்கிறேன். கடனுக்கு ஓர் ஆயுள் இருக்கிறது. பெரும்பாலும் அது பத்து, பதினைந்து ஆண்டுகள். சுரங்கத்துக்கு அதைவிடப் பல மடங்கு நீண்ட ஆயுள். சுரங்கம் விட்டுச் செல்லும் கழிவுக்கோ முடிவே கிடையாது என்று சொல்லிவிடலாம். மக்களுக்குக் கொடுக்கப்படும் பாதுகாப்பு இந்த மூன்றில் மிகக் குறுகிய ஆயுளோடு கட்டப்பட்டிருக்கிறது. இந்தப் பதிவு அதைப் பற்றியது.

வளர்ச்சி நிதி என்பதன் செயல்முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். உலக வங்கிக் குழுமத்தின் பன்னாட்டு நிதிக் கழகம், ஐரோப்பிய மறுசீரமைப்பு மற்றும் வளர்ச்சி வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஒவ்வொரு பணக்கார நாடும் தன் நிறுவனங்களுக்காக வைத்திருக்கும் ஏற்றுமதிக் கடன் முகமைகள், சீன வளர்ச்சி வங்கி போன்ற அரசு வங்கிகள் ஆகியவை இந்தக் களத்தில் இருக்கின்றன. பெரிய சுரங்க நிறுவனங்கள் இவற்றிடம் வருவது பணத்துக்காக மட்டும் என்று நினைத்தால் பாதி விஷயம் புரியாமல் போய்விடும். அரசியல் நிலையற்ற நாட்டில் பல நூறு கோடி டாலரைப் புதைக்கும் நிறுவனத்தின் பெரிய பயம், நாளை அரசு மாறி உரிமத்தை ரத்து செய்துவிடுமோ, வரியை ஏற்றிவிடுமோ, டாலரை வெளியே எடுக்கவிடாமல் தடுத்துவிடுமோ என்பதாகும். உலக வங்கிக் குழுமத்தில் ஓர் உறுப்பு கடன் கொடுத்திருக்கும்போது எந்த நாட்டு அரசும் அப்படிச் செய்வதற்கு முன் பலமுறை யோசிக்கும், ஏனெனில் அந்த நாட்டின் மற்ற கடன்களும் அதே கதவைத் தட்டித்தான் வாங்கப்பட வேண்டும். இந்தக் குடையின் கீழ் வணிக வங்கிகளும் நுழைகின்றன: பன்னாட்டு நிதிக் கழகம் தன் பெயரில் கடன் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டு, அதில் ஒரு பகுதியைத் தனியார் வங்கிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது, தவணை தவறும் அபாயம் அவர்களுக்கும் குறைகிறது. பலதரப்பு முதலீட்டு உத்தரவாத முகமையான மிகா, அரசியல் அபாயத்துக்கென்றே காப்பீடு விற்கிறது.

இந்த ஏற்பாட்டில் யாருடைய அபாயம் குறைகிறது என்று பார்க்க வேண்டும். உரிமையாளருக்குக் குறைகிறது, வங்கிக்குக் குறைகிறது, காப்பீட்டாளருக்கு அதற்கான கட்டணம் கிடைக்கிறது. சுரங்கத்தைத் தாண்டி ஆறு ஓடும் வழியில் தண்ணீர் குடிக்கும் மக்கள் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டவர்கள் அல்லர். அவர்களுக்காகச் சுற்றுச்சூழல், சமூக நிபந்தனைகள் கடன் ஒப்பந்தத்துக்குள் எழுதப்படுகின்றன என்பது உண்மைதான். பன்னாட்டு நிதிக் கழகத்தின் எட்டுச் செயல்தரங்கள் 2006இல் வந்து 2012இல் திருத்தப்பட்டன. நிலம் கையகப்படுத்தல், மீள்குடியேற்றம், பழங்குடி மக்களின் முன்கூட்டிய சுதந்திரமான ஒப்புதல் ஆகியவற்றைப் பற்றி அவற்றில் நல்ல வாசகங்கள் இருக்கின்றன. ஆயினும் அவை கடன் கொடுத்தவருக்கும் கடன் வாங்கியவருக்கும் இடையிலான வாசகங்கள். மீறப்பட்டால் கேட்கும் உரிமை வங்கிக்கே உண்டு, ஊருக்கு இல்லை.

தாமிரத்துக்கு இந்தக் கேள்வி ஏன் மற்ற உலோகங்களைவிடக் கூர்மையாகிறது என்பதற்கு அதன் தாதுவே காரணம். இன்று தோண்டப்படும் தாதுவில் தாமிரம் பெரும்பாலும் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. 0.6 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஒரு டன் தாமிரத்துக்கு ஏறத்தாழ 167 டன் தாதுவை அரைக்க வேண்டும். அதற்கு மேல் மூடிக்கிடந்த பாறையை அகற்றுவது தனிக் கணக்கு. அரைத்து, தண்ணீரும் வேதிப்பொருளும் சேர்த்து, தாமிரத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் சேறு முழுவதையும் எங்கேயோ வைத்தாக வேண்டும். தாமிரத் தாதுக்கள் பெரும்பாலும் கந்தகச் சேர்மங்கள். அவற்றோடு வரும் இரும்புக் கந்தகம் காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் கழிவில் இருக்கும் உலோகங்களைக் கரைத்து ஆற்றில் சேர்க்கிறது. சுரங்கம் மூடியதும் இந்த வேதிவினை நின்றுவிடாது. 2025 பிப்ரவரி 18 அன்று சாம்பியாவின் சம்பிஷி அருகே சைனோ மெட்டல்ஸ் லீச் நிறுவனத்தின் கழிவுச்சேற்று அணை உடைந்து, அமிலச் சேறு ஓடைகள் வழியாகக் காஃபுவே ஆற்றில் கலந்தது. மீன்கள் செத்து மிதந்தன, கரையோர வயல்கள் கருகின, கிட்வே என்ற பெருநகரத்தின் குடிநீர் வழங்கலை நிறுத்த வேண்டியதாயிற்று. சாம்பிய மக்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அந்த ஆற்றின் வடிநிலத்தில் வாழ்கிறார்கள்.

வளர்ச்சி வங்கிகள் தங்கள் முறை செயல்படுகிறது என்பதற்கு எடுத்துக்காட்டும் திட்டம் ஒன்று உண்டென்றால் அது மங்கோலியாவின் ஓயு தோல்கோய்தான். ஆகவே அதை நிதானமாகப் பார்ப்பது நியாயம். தெற்குக் கோபிப் பாலைவனத்தில், சீன எல்லையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டரில், கான்போக்த் பகுதியில் அந்தச் சுரங்கம் இருக்கிறது. ரியோ டின்டோ என்ற பன்னாட்டுச் சுரங்க நிறுவனம் அதை நடத்துகிறது. மங்கோலிய அரசுக்கு 34 விழுக்காடு பங்கு. 2015 டிசம்பரில் நிலத்தடிச் சுரங்கத்துக்காக 440 கோடி டாலர் திட்டக் கடன் கையெழுத்தானது. பன்னாட்டு நிதிக் கழகம், ஐரோப்பிய மறுசீரமைப்பு வங்கி, கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் ஏற்றுமதிக் கடன் முகமைகள், 15 வணிக வங்கிகள், மிகாவின் காப்பீடு என்று அந்த ஒப்பந்தத்தில் இடம்பெற்ற பெயர்களின் பட்டியலே நீளமானது.

அந்த நிலத்தில் நூற்றாண்டுகளாக ஒட்டகமும் ஆடும் மேய்த்து வாழ்ந்தவர்கள், 2012 அக்டோபரிலேயே பன்னாட்டு நிதிக் கழகத்தின் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தில் முறையிட்டார்கள். கழகத்தின் ஆட்சிக்குழு கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது 2013 பிப்ரவரியில். முறையீடு முதலில் வந்தது, ஒப்புதல் பிறகு வந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். உண்டாய் ஆறு திசைதிருப்பப்படுவதையும், போர் ஓவோ என்ற ஊற்று சுரங்கப் பகுதிக்குள் போய்விட்டதையும், மேய்ச்சல் நிலம் துண்டாடப்பட்டதையும், முன்பு கொடுத்த இழப்பீடு போதாததையும் பற்றியது அந்த முறையீடு. 2013இல் தண்ணீரைப் பற்றி இரண்டாவது முறையீடும் வந்தது. வெளியாருக்கு உண்டாய் ஓர் ஆறாகவே தெரியாது. ஆண்டின் பெரும்பகுதி மணல் தடமாகக் கிடக்கும். மேய்ப்பர்களுக்கோ அந்த மணலுக்கு அடியில் ஓடும் நீர்தான் கைக்கிணறுகளின் உயிர். பொறியாளர்கள் மேற்பரப்பு வெள்ளத்தையும் மணலடி நீரையும் வேறு பாதையில் கொண்டுபோய், வேறோர் இடத்தில் ஊற்றைப் புதிதாக அமைக்கலாம் என்றார்கள். பாலைவனத்தில் ஓர் ஊற்று இருக்கும் இடம் தற்செயலானது அன்று. மந்தை நடக்கும் வழிகளும் குளிர்கால முகாம்களும் அதைச் சுற்றியே அமைந்தவை. ஊற்றை நகர்த்தலாம், இவற்றை எப்படி நகர்த்துவது?

சுரங்கத்தின் தேவைக்கான தண்ணீர் குனி ஹோலோய் என்ற ஆழ்நிலத் தேக்கத்திலிருந்து வருகிறது. அது உப்புக் கலந்த பழம்நீர், குடிக்க உதவாது, ஆகவே மேய்ப்பர்களோடு போட்டி இல்லை என்பது நிறுவனத்தின் வாதம். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் ஆழ்துளைகளைச் சரியாக அடைக்காவிட்டால், மேலே இருக்கும் நல்ல நீர் அந்தத் துளை வழியாகக் கீழே வடிந்துவிடும். அங்கே அப்படிப்பட்ட துளைகள் இருந்ததும், அவற்றைத் தேடிப் பிடித்து அடைக்க வேண்டியிருந்ததும் பதிவாகியிருக்கின்றன. ஒரு குடும்பத்தின் கிணற்றில் நீர்மட்டம் ஒரு முழம் இறங்கினால் அது வறட்சியாலா, துளையாலா என்று நிரூபிக்க வேண்டிய சுமை யார் மீது விழுகிறது என்பதுதான் நடைமுறையில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சுரங்கம் தொடங்குவதற்கு முந்தைய அளவுகள் நிறுவனத்தின் கையிலேயே இருக்கும்போது, மேய்ப்பரிடம் நினைவைத் தவிர வேறு சான்று இருக்காது.

மத்தியஸ்தம் நடந்தது. மேய்ப்பர்கள், உள்ளூர் நிர்வாகம், நிறுவனம் ஆகிய முத்தரப்பும் சேர்ந்து ஒரு மன்றத்தை 2015இல் அமைத்தார்கள். சார்பற்ற வல்லுநர்கள் களத்துக்கு வந்து ஆய்வு செய்தார்கள். 2017 மே மாதத்தில் உடன்பாடு கையெழுத்தானது. இழப்பீடும், கிணறுகளும், மேய்ச்சல் நிலத்துக்கான திட்டங்களும் அதில் இடம்பெற்றன. இதை நான் சிறுமைப்படுத்த விரும்பவில்லை. வளர்ச்சி வங்கிகள் அந்தக் கடனில் இல்லாதிருந்தால், கோபி மேய்ப்பர்களின் கடிதத்துக்குப் பதில் எழுதக் கடமைப்பட்ட ஒருவரும் உலகத்தில் இருந்திருக்க மாட்டார்கள். அதே வேளையில், உடன்பாடு வந்தபோது ஆறு திரும்பிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. முதல் முறையீட்டிலிருந்து நாலரை ஆண்டுகள் போயிருந்தன. திருப்பப்பட்ட ஆற்றைப் பற்றிய பேச்சுவார்த்தையில் மேய்ப்பர்கள் பேரம் பேச முடிந்தது இழப்பீட்டின் அளவைப் பற்றி மட்டுமே. இதுதான் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு என்றால், மற்றவை எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

ஓயு தோல்கோயிலிருந்து இன்னொரு பாடமும் கிடைக்கிறது, அது அரசின் பங்கைப் பற்றியது. மங்கோலியாவின் 34 விழுக்காட்டுக்கான முதலீட்டுப் பணத்தை அந்த அரசு தன் கருவூலத்திலிருந்து போடவில்லை. சுரங்கக் கூட்டாளியே வட்டிக்குக் கடன் கொடுத்தார். பங்காதாயம் வந்தால் முதலில் அந்தக் கடனுக்கே போகும். கடன் வட்டியோடு வளர்ந்து, நாட்டுக்குள் பெரும் அரசியல் கோபமாக மாறிய பிறகு, 2022 ஜனவரியில் 240 கோடி டாலரை நிறுவனத் தரப்பு முழுமையாகத் தள்ளுபடி செய்தது. பங்குதாரராகவும் கடனாளியாகவும் இருக்கும் அரசு, அதே சுரங்கத்தைக் கண்காணிக்கும் அதிகாரியாகவும் இருக்க வேண்டும் என்ற நிலை எவ்வளவு இக்கட்டானது! உற்பத்தியை நிறுத்தச் சொல்லும் ஒவ்வோர் உத்தரவும் அரசின் சொந்தக் கணக்கையே கடிக்கும்.

பெருவில் நடந்தது வேறு வகை. அபுரிமாக் பகுதியிலுள்ள லாஸ் பம்பாஸ் சுரங்கத்தை 2014இல் எம்.எம்.ஜி. தலைமையிலான சீனக் கூட்டமைப்பு கிளென்கோரிடமிருந்து வாங்கியது; சீன வளர்ச்சி வங்கி முதலான அரசு வங்கிகள் பெருங்கடன் கொடுத்தன. மக்களிடம் முதலில் விளக்கப்பட்ட திட்டத்தில் தாதுச் செறிவு, அதாவது அரைத்துப் பிரித்த தாமிரம் மிகுந்த தூள், குழாய் வழியாகப் போக வேண்டும். பிறகு அது லாரிகளுக்கு மாற்றப்பட்டது. நிர்வாக ரீதியில் சிறு திருத்தம் என்ற வகையில் அந்த மாற்றம் கடந்துபோனது. சாலையோர ஊர்களுக்கோ அது இரவும் பகலும் புழுதியும் அதிர்வும் ஆயிற்று. 2015 செப்டம்பரில் நடந்த மோதல்களில் உயிர்கள் பறிபோயின. அதன் பிறகு நடந்த மறியல்களால் சுரங்கம் முடங்கிய நாட்கள் நூற்றுக்கணக்கானவை. ஒப்புதலுக்குக் காட்டிய வரைபடமும் கட்டி முடித்த சுரங்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை உறுதி செய்ய வேண்டிய முதல் ஆள், பணம் கொடுத்தவர் என்பதே என் எண்ணம்.

இனி, கடன் கொடுத்தவர் வெளியேறும் கதைக்கு வருகிறேன். இந்தோனேசியப் பாப்புவாவின் கிராஸ்பெர்க் சுரங்கம் தன் கழிவுச் சேற்றை மலை ஆறுகளில் விட்டு அஜ்குவா ஆற்றின் சமவெளிக்கு அனுப்புகிறது. 1995 அக்டோபரில் அமெரிக்க அரசின் வெளிநாட்டு முதலீட்டுக் காப்பீட்டு நிறுவனம், சுற்றுச்சூழல் காரணத்தைச் சொல்லி, அந்தச் சுரங்கத்தை நடத்திய ஃப்ரீபோர்ட் நிறுவனத்துக்குக் கொடுத்திருந்த 10 கோடி டாலர் காப்பீட்டை ரத்து செய்தது. அது துணிச்சலான முடிவு என்று இன்றும் நினைக்கிறேன். நிறுவனம் எதிர்த்துப் போராடியதில் 1996இல் காப்பீடு மீண்டும் கொடுக்கப்பட்டது. பிறகு அதுவும் நீடிக்கவில்லை. மிகாவிடமும் ஒரு காப்பீடு இருந்தது; மிகாவின் கண்காணிப்பு நெருங்கிய வேளையில் நிறுவனம் அந்தக் காப்பீட்டைத் தானே கைவிட்டது. கண்காணிப்பு வேண்டாம் என்றால் காப்பீட்டை விட்டுவிடலாம், கடனை முன்கூட்டியே அடைத்துவிடலாம். சுரங்கம் லாபம் தரத் தொடங்கிய பிறகு இரண்டும் எளிது. 2006இல் நார்வே அரசின் ஓய்வூதிய நிதியம் ஃப்ரீபோர்ட்டைத் தன் முதலீட்டுப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆற்றில் சேறு தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது.

பப்புவா நியூ கினியின் ஓக் தெடி சுரங்கத்தில் ஜெர்மனியின் வளர்ச்சி நிதி நிறுவனமான டி.இ.ஜி. தொடக்கத்தில் பங்குதாரராகவே இருந்தது. 1984இல் கழிவுச்சேற்று அணைக்கான கட்டுமானம் நிலச்சரிவில் அழிந்தபோது, அணையில்லாமலே உற்பத்தி தொடர அனுமதிக்கப்பட்டது. நாளொன்றுக்குப் பல்லாயிரம் டன் சேறு ஓக் தெடி ஆற்றிலும் ஃப்ளை ஆற்றிலும் இறங்கியது. ஆற்றுப்படுகை உயர்ந்து, வெள்ளம் காட்டுக்குள் நின்று, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான காடு பட்டுப்போனது. 2002இல் அந்தச் சுரங்கத்தின் பெரும்பங்கு உரிமையாளரான பி.எச்.பி. நிறுவனம் தன் பங்கை ஓர் அறக்கட்டளை அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டு, பொறுப்பிலிருந்து சட்டப் பாதுகாப்பும் பெற்று வெளியேறியது. சாம்பியாவின் கொங்கோலா சுரங்கத்தில் 2000ஆம் ஆண்டில் பன்னாட்டு நிதிக் கழகமும் பிரிட்டனின் வளர்ச்சி நிதி நிறுவனமான சி.டி.சி.யும் தலா 7.5 விழுக்காடு பங்கு எடுத்தன. பெரும்பங்கு உரிமையாளரான ஆங்கிலோ அமெரிக்கன் நிறுவனம் 2002இல் சுரங்கத்தைக் கைவிட்டபோது அவையும் வெளியேறின. அடுத்து வந்த உரிமையாளரான வேதாந்தாவின் காலத்தில், 2006இல், கழிவுக் குழாய் உடைந்து காஃபுவே ஆறு மாசுபட்டது. அப்போது முறையிட எந்த வளர்ச்சி வங்கியும் இல்லை. சிங்கோலா பகுதியைச் சேர்ந்த 1,826 பேர் தங்கள் நீரும் நிலமும் நெடுங்காலமாக மாசுபடுவதற்கு நியாயம் கேட்டு லண்டன் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தாய் நிறுவனத்தின் மீது அங்கே வழக்கு நடத்தலாமா என்ற ஒரே கேள்விக்கு, ஆம் என்று 2019 ஏப்ரலில் பிரிட்டன் உச்சநீதிமன்றம் சொன்னது. 2021இல் பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே சமரசம் ஏற்பட்டது.

வளர்ச்சி வங்கிகளின் சொந்த விதிகளும் இந்தக் கடன் ஆயுளையே அளவுகோலாக வைத்திருக்கின்றன. ஆசிய வளர்ச்சி வங்கியின் பொறுப்புடைமை அமைப்பில், கடன் முடிவுத் தேதிக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் வரையே முறையிடலாம். பன்னாட்டு நிதிக் கழகத்தின் குறைதீர்ப்பாளர் அலுவலகம், 2021ஆம் ஆண்டுக் கொள்கையின்படி, கழகம் வெளியேறிய பிறகு 15 மாதங்கள் வரை, அதுவும் தக்க காரணம் இருந்தால் மட்டுமே, முறையீட்டை ஏற்கும். கழிவுச்சேற்று அணை ஒன்று உடைவதற்கோ, அமிலக் கசிவு ஓர் ஊரின் கிணற்றை எட்டுவதற்கோ எடுக்கும் காலத்தோடு இந்த 15 மாதங்களை வைத்துப் பார்த்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இப்போது பாகிஸ்தானின் பலூசிஸ்தான் மாகாணத்தில் சாகை மாவட்டத்திலுள்ள ரெக்கோ திக் தாமிரச் சுரங்கத் திட்டத்துக்கு மிகப்பெரிய அளவில் இந்த நிதி திரள்கிறது. அங்கே தோண்ட வந்த வெளிநாட்டு நிறுவனத்துக்கு 2011இல் உரிமம் மறுக்கப்பட்டதற்காக, 2019இல் ஒரு பன்னாட்டு நடுவர் மன்றம் பாகிஸ்தான் ஏறத்தாழ 580 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தக் கத்தி கழுத்தில் இருந்த நிலையில்தான் 2022இல் புதிய ஒப்பந்தம் முடிந்தது: கனடாவின் சுரங்க நிறுவனமான பேரிக்குக்குப் பாதி, மத்திய அரசின் நிறுவனங்களுக்குக் கால், பலூசிஸ்தானுக்குக் கால். 2025 ஆகஸ்டில் ஆசிய வளர்ச்சி வங்கி 41 கோடி டாலருக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் 30 கோடி சுரங்க நிறுவனத்துக்கான கடன், 11 கோடி மாகாண அரசின் பங்கு முதலீட்டுக்கு உதவும் பகுதி உத்தரவாதம். பன்னாட்டு நிதிக் கழகமும் இதில் இருக்கிறது. சுரங்கத்தின் ஆயுள் 37 ஆண்டுகள் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. மாகாண அரசு பங்குதாரராகவும், உத்தரவாதத்தின் பயனாளியாகவும், அந்த நிலத்து நீரின் காவலராகவும் ஒரே நேரத்தில் நிற்கிறது. மங்கோலியாவில் பார்த்த அதே இக்கட்டு. போதாததற்கு, அதே மாவட்டத்தில் சைந்தக் சுரங்கத்தைச் சீன நிறுவனம் 2002 முதல் நடத்திவருகிறது. அதனால் தங்களுக்கு என்ன மிஞ்சியது என்று அங்குள்ளவர்கள் கேட்கும் கேள்வி பழையது. அதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. ஆசிய வளர்ச்சி வங்கியிடம் முறையிடக் குறைந்தது இரண்டு பேர் முன்வர வேண்டும். ஆயுத மோதலும் படைகளின் காவலும் சூழ்ந்த ஓர் இடத்தில், எதிர்த்துப் பேசுவதே ஆபத்தாக இருக்கும்போது, அந்த இரண்டு பேர் யார்? முறையீடு வரவில்லை என்பதைக் குறை இல்லை என்று வங்கி எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதற்கெல்லாம் வழக்கமாகச் சொல்லப்படும் பதில் ஒன்று உண்டு: மின்கம்பிக்கும் மின்வாகனத்துக்கும் காற்றாலைக்கும் தாமிரம் வேண்டும், வளர்ச்சி வங்கிகள் விலகினால் நிபந்தனையே இல்லாத பணம் அந்த இடத்துக்கு வரும். முதல் பாதியை முழுமையாக ஏற்கிறேன். இரண்டாவது பாதியும் பல இடங்களில் உண்மை. கோபியைப் பற்றிச் சொன்னதையே திரும்பவும் நினைக்கிறேன். ஆகவே விலக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தங்கள் முத்திரையால் சுரங்கத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு எத்தனை ஆண்டு நீடிக்கிறதோ, மக்களுக்கான பாதுகாப்பும் அத்தனை ஆண்டு நீடிக்கும்படி ஒப்பந்தத்தை எழுத வேண்டும் என்று கேட்கிறேன்.

அப்படி எழுதுவது சட்டத்தால் முடியாத காரியம் இல்லை. சுற்றுச்சூழல், மீள்குடியேற்ற நிபந்தனைகளைக் கடன் ஒப்பந்தத்திலிருந்து பிரித்து, ஊர்களும் ஒரு தரப்பாகக் கையெழுத்திடும் தனி ஒப்பந்தமாக்கலாம். கடனை முன்கூட்டி அடைத்தாலும், சுரங்கத்தை வேறொருவருக்கு விற்றாலும் அது செல்லும் என்று ஒரு வாசகம் போதும். முதல் தவணைக்கு முன்பே, மூடலுக்கும் கழிவுச்சேற்றுப் பராமரிப்புக்குமான வைப்புநிதியை நிறுவனமும் அரசும் தொட முடியாத மூன்றாம் தரப்பிடம் போட வைக்கலாம். சுரங்கம் தொடங்கும் முன் ஒவ்வொரு கிணற்றின் மட்டத்தையும் நீரின் தன்மையையும் ஊர்க்காரர்களே நம்பும் ஒருவர் அளந்து, அந்த ஏட்டின் ஒரு படியை அவர்களிடம் கொடுக்கலாம்; இதற்கு ஆகும் செலவு, திட்டக் கடனில் வழக்கறிஞர்களுக்குப் போகும் தொகையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. வரைபடத்தில் குழாய் இருந்த இடத்தில் லாரி வந்தால், அதைப் புதிய திட்டமாகக் கருதி மக்களிடம் மறுபடி போக வேண்டும். முறையிடும் காலக்கெடுவைக் கடன் முடிவுத் தேதியிலிருந்து எடுத்து, சுரங்கம் மூடி முடிந்த தேதியோடு கட்ட வேண்டும்.

ரெக்கோ திக்கில் முதல் உற்பத்தி 2028இல் என்று திட்டமிட்டிருக்கிறார்கள். அதற்குள் பலூச்சி மொழியிலும் உருது மொழியிலும், வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாய்மொழியாகவும், மூன்று தகவல்கள் சாகை மக்களுக்குச் சொல்லப்பட்டாக வேண்டும்: எந்த நிலத்தடித் தேக்கத்திலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு நீர் எடுக்கப்படும், 37 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் சேற்றுக் குவியலை யார் எந்தப் பணத்தில் காப்பார்கள், வங்கிகளின் கடன் எந்த ஆண்டில் முடிகிறது.